மெழுகு மூடிக்குக் கீழே: தேனீப் புழு அறைகளில் உண்ணி தேடியது

தேனீப் பெட்டியில் வர்ரோவா என்ற ஒட்டுண்ணி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சர்க்கரைத் தூள் சோதனை போதும் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். எளிய சோதனை, தேனீயும் சாகாது. ஆனால் அது எண்ணிக் காட்டுவது தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு திரியும் உண்ணிகளை மட்டும்தான். உண்ணி குடும்பம் நடத்துவது அங்கே இல்லை. மூடிய புழு அறைக்குள் நடப்பதைப் பார்க்காமல் மருந்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதனால் இந்தப் பருவத்தில் மூடிகளைத் திறந்தே பார்த்தேன். உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் வரிசையாக இருக்கும் இத்தாலியத் தேனீப் பெட்டிகள், வேலியோரம் நிழலில் இருக்கும் இந்தியத் தேனீப் பெட்டிகள் இரண்டிலும் கண்டதும் செய்ததும் இங்கே.

வேலையைத் தொடங்க வைத்தது வரிசையின் நடுவில் இருந்த ஒரு பெட்டி. அதன் வாயிலுக்குக் கீழே புல்லில் இளந்தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வயிறு குறுகி, சிறகு விரியாமல் கசங்கிய நூலாகக் கிடந்தது. சிறகுச் சிதைவு வைரஸின் அடையாளம் அது; அந்த வைரஸைப் புழுவின் உடம்புக்குள் ஏற்றிவிடுவது உண்ணி. அடை தொங்கும் மரச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் மூடிய புழுப் பரப்பு ஒரே சீராக இல்லை. திட்டுத் திட்டாகக் காலி அறைகள், உள்வாங்கிய மூடிகள், சில மூடிகளில் தேனீக்களே கடித்துப் போட்ட துளைகள்.

முதலில் சர்க்கரைச் சோதனையையும் செய்தேன், ஒப்பிடுவதற்காக. புழு அடையிலிருந்து தேனீக்களை ஒரு பேசினில் உதறி, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அரைக் கப் தேனீக்களை அள்ளி வலை மூடி போட்ட பாட்டிலில் கொட்டினேன். அரைக் கப் என்றால் ஏறக்குறைய 300 தேனீ. மிக்சியில் நைசாக அரைத்த சர்க்கரை இரண்டு கரண்டி போட்டு உருட்டி, சற்று நேரம் நிழலில் வைத்து, வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்துக் குலுக்கினால் தூளோடு உண்ணியும் விழும். தட்டில் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்துவிடும், உண்ணி மட்டும் செம்பழுப்பாக மிதக்கும். கிடைத்தது ஐந்தாறு. நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு. பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை மூன்று. காகிதத்தில் பெட்டிக்கு நோயே இல்லை. புல்லில் ஊர்ந்தவற்றை என்ன செய்வது?

புழு வளர்ப்பு நடக்கும் பெட்டியில் மொத்த உண்ணிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மூடிக்குள்தான் இருக்கும். தட்டில் விழுவது மிச்சம்.

திறந்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நுனி கூரிய இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நெற்றியில் கட்டும் விளக்கு, மெல்லிய தூரிகை. இவற்றோடு இரண்டு தட்டுகள், ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு. தாய் உண்ணி கருஞ்சிவப்பு, வெள்ளைத் தட்டில் சட்டென்று தெரியும். அதன் குஞ்சுகள் வெளிறியவை. அவற்றைக் கருப்புத் தட்டில்தான் பிடிக்க முடியும். ஒரே தட்டை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் தாயை எண்ணிவிட்டுக் குஞ்சுகளை விட்டுவிடுகிறார்கள்.

மூடியின் ஓரத்தை இடுக்கியால் கிள்ளி உரித்து, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை நசுங்காமல் மெதுவாக வெளியே இழுத்துத் தட்டில் கிடத்த வேண்டும். பிறகு காலி அறைக்குள் விளக்கை அடித்துச் சுவரைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நன்றாக வளர்கிற புழுவை ஏன் தம்பி குத்திக் குத்தி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "நூறு புழு போனால் போகட்டும் அண்ணா, ராணி ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டை வைக்கும்" என்றேன். அவருக்கு மனம் ஆறவில்லை. எனக்கும் முதல் பத்துப் பதினைந்து அறை வரை கை கூசத்தான் செய்தது.

கூட்டுப்புழுவின் கண் நிறம்தான் இந்த வேலையில் கடிகாரம். பணித்தேனீயின் அறை, முட்டை வைத்த ஒன்பதாம் நாள் வாக்கில் மூடப்படுகிறது. இருபத்தொன்றாம் நாள் தேனீ வெளியே வருகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு நாட்களில் புழு கூட்டுப்புழுவாகி, வெள்ளைக் கண் இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, மார்பு மஞ்சளாகி, கடைசியில் உடம்பு கறுக்கிறது. ஒரே சட்டத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் திறந்துகொண்டே போனால் இந்த நிறங்கள் எல்லாம் வரிசையாகக் கிடைத்துவிடும். ராணி நடுவில் தொடங்கி வட்டமாக முட்டை வைத்துக்கொண்டு போவதால் வரும் வசதி.

ஓரத்தில், அப்போதுதான் மூடிய அறைகளில், புழுவைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் புழுக்கூழ் ஈரம். அதற்குள் உண்ணி மல்லாந்து புதைந்து கிடந்ததை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். கேழ்வரகு மணியைத் தட்டையாக நசுக்கியது போன்ற உருவம். நீளத்தைவிட அகலம் அதிகம், 1.1 மில்லிமீட்டருக்கு 1.6. அது தவறி விழுந்து சிக்கிக்கொண்டது அல்ல. மூடப் போகும் புழுவின் தோலிலிருந்து வரும் வாசனையை மோப்பம் பிடித்து, செவிலித் தேனீயின் உடம்பிலிருந்து இறங்கி, புழுவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து அடிக்குப் போய்விடுகிறது. பணித்தேனீ அறைக்குள் மூடுவதற்கு முன்பு கடைசி 15 முதல் 20 மணி நேரத்துக்குள், ஆண் தேனீ அறைக்குள் 40 முதல் 50 மணி நேரத்துக்குள் நுழையும். கூழுக்குள் மூழ்கிக் கிடக்கும்போது மூச்சுக்குழலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. செவிலித் தேனீ கடைசியாக எட்டிப் பார்க்கும் நேரத்தில் கண்ணில் படாது. மூடிய பின் புழு மிச்சக் கூழைத் தின்று முடிக்கும்போது உண்ணிக்கு விடுதலை கிடைக்கிறது. ஏறி உட்கார்ந்து தின்னத் தொடங்குகிறது.

அது இரத்தம் உறிஞ்சுகிறது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். வளர்ந்த தேனீயிடமிருந்து அது முக்கியமாகத் தின்பது கொழுப்புத் திசுவை என்று சாமுவேல் ராம்சேயும் உடன் உழைத்தவர்களும் 2019இல் காட்டினார்கள். தேனீக்கு அந்தத் திசு நம் கல்லீரல் செய்யும் பல வேலைகளைச் செய்கிறது. அது கரைந்தால் எதிர்ப்புச் சக்தியும் கரையும், வைரஸுக்குக் கதவு திறக்கும்.

இளஞ்சிவப்புக் கண், ஊதாக் கண் அறைகளில்தான் குடும்பம் முழுதாகத் தெரிந்தது. அறையின் மேல்சுவரில், ஏறக்குறைய எப்போதும் ஒரே இடத்தில், சுண்ணாம்பு தெறித்தது போலத் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள் உண்ணியின் கழிவு. தாய் குடும்பத்துக்கென்று ஒரு இடத்தை ஒதுக்கிவிடுகிறது. புழுவின் உடம்பிலும் அப்படியே ஒரே ஒரு துளை போடுகிறது. குஞ்சுகளின் வாய்ப்பகுதி மென்மையானது, தாமாகத் தோலைத் துளைக்க முடியாது; தாய் போட்ட துளையில்தான் எல்லாம் முறை வைத்துத் தின்கின்றன. ஒரு ஊதாக் கண் புழுவைக் கருப்புத் தட்டில் போட்டு மூச்சுக்காற்று படும்படி குனிந்தபோது வெளிறிய குஞ்சுகள் அசைந்தன. இரண்டு உருண்டையான வெள்ளைப் பெண் குஞ்சுகள், அவற்றைவிடச் சிறிதாக, மஞ்சள் சாயலோடு ஒரு ஆண்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் குடும்பத்தின் நேரக் கணக்கு. மூடி விழுந்து 60 முதல் 70 மணி நேரத்தில் முதல் முட்டை. அது கருவுறாத முட்டை, ஆண். பிறகு 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். பெண் குஞ்சு முதிர ஆறு நாள் வேண்டும். எழுபதாவது மணியில் ஆண் என்றால், நூறாவது மணியில் முதல் பெண் முட்டை. அது முதிர்வது ஏறக்குறைய 240ஆவது மணியில். இரண்டாவது பெண் 270இல், மூன்றாவது 300இல். பணித்தேனீ மூடிக்குள் இருப்பதோ 288 மணி நேரம். மூன்றாவது மகளுக்கு நேரம் போதாது. தேனீ மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது முதிராத குஞ்சுகளும் ஆண் உண்ணியும் அங்கேயே செத்துவிடும். ஆண் அந்த அறையைத் தாண்டி உலகம் பார்ப்பதே இல்லை. கழிவுப் புள்ளியின் பக்கம் காத்திருந்து முதிர்ந்து வரும் தங்கைகளோடு ஒவ்வொருத்தியாகக் கூடுவதே அதன் ஆயுள். இறப்பையும் கழித்துவிட்டால் பணித்தேனீ அறை ஒன்றிலிருந்து சராசரியாக ஒன்றரைக்கும் சற்றுக் குறைவான மகள்கள் வெளியே வருகிறார்கள். ஆண் தேனீ அறை இரண்டு நாளுக்கு மேல் கூடுதலாக மூடியிருக்கும், அங்கே இரண்டரை வரை போகும்.

இந்தக் கணக்கு புரிந்தால் ஆண் தேனீ அடையை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உண்ணியும் அதே கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது போலத்தான் நடந்துகொள்கிறது; பணித்தேனீ அறையைவிட ஆண் அறைக்குள் எட்டு மடங்கு வரை அதிகமாக நுழைகிறது. சட்டத்தின் கீழ் ஓரத்தில் குமிழாக எழும்பியிருந்த ஆண் அறைகளில் முள்கரண்டியைச் சாய்வாகச் செருகி மொத்தமாகத் தூக்கினேன். நாலில் ஒரு புழுவிலாவது உண்ணி இருந்தது. ஒரே அறையில் இரண்டு மூன்று தாய்களும் இருந்தன. நூற்றுக்கு இரண்டு என்று சொன்ன அதே பெட்டியில்.

வரிசைக் கடைசியில் இருந்த பெட்டியில் வேறொன்று கிடைத்தது. மூடியை உரித்த மறுகணமே ஏதோ ஓடியது. வர்ரோவா உண்ணி பக்கவாட்டில் தத்தித் தத்தி நகரும், இடுக்கியால் பிடித்துவிடலாம். இது விளக்கு வெளிச்சம் பட்டதும் அடையின் மேல் விரைந்து அடுத்த அறைக்குள் போய்விட்டது. நீளமாக, ஒல்லியாக, இளம்பழுப்பு நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவில். ட்ரோபிலேலாப்ஸ் என்ற இன்னொரு வகை உண்ணி. புழுவின் உடம்பிலும் ஒற்றைத் துளை இல்லை, ஆங்காங்கே பல இடத்தில் சிறு காயங்கள். சட்டத்தைத் தட்டின் மேல் கிடைமட்டமாகப் பிடித்து ஓங்கித் தட்டினால் ஓடும் உண்ணிகள் சில விழும். மூடியைத் திறக்க நேரமில்லாத நாளில் இதற்கு அதுதான் விரைவான சோதனை.

அதன் சொந்த ஊர் மலைத்தேனீக் கூடு. எங்கள் தோப்பிலிருந்து பார்த்தால் தெரியும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பருவம் தவறாமல் மலைத்தேனீ வந்து பெரிய அடைகளாகத் தொங்கும். ஒரே பூவுக்கு இரண்டு இனமும் போகின்றன, பலம் குன்றிய கூட்டில் திருட்டும் நடக்கிறது. ஆனால் இந்த உண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. வளர்ந்த தேனீயின் தோலை அதன் வாய் துளைக்காது. புழு இல்லாவிட்டால் தீனி இல்லை, ஓரிரு நாளில் செத்துப்போகும். மலைத்தேனீ பருவந்தோறும் அடையை விட்டுவிட்டு வேறிடம் போவதால் அங்கே அது கட்டுக்குள் இருக்கிறது. நம் பெட்டியிலோ ராணி ஆண்டு முழுதும் முட்டை வைத்துக்கொண்டே இருக்கிறது.

இதுதான் இங்கே நமக்குள்ள சிக்கல். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிடும். புழுவே இல்லாத அந்த இடைவெளியில் உண்ணி முழுவதும் தேனீயின் உடம்புக்கு வந்துவிடுவதால் ஆக்ஸாலிக் அமிலம் ஒரு தரம் விட்டாலே வேலை முடியும். அந்த வழிமுறையை அப்படியே எடுத்து நம் தோப்பில் செய்தால், மூடிக்கு வெளியே இருக்கும் சிறுபான்மை சாகும், உள்ளே இருப்பது அடுத்த வாரம் வெளியே வரும். மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மருந்தைக் குறை சொல்கிறார்கள். குறை நாள் பார்த்ததில் இருக்கிறது. ஃபார்மிக் அமில ஆவி மூடிக்குள்ளும் புகும், உண்மைதான். ஆனால் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது ஆவியாகும் வேகம் நம் கையில் இல்லை. வேகம் கூடினால் ராணியே சாகலாம்; அதைப் பலி கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பிறகு என்ன செய்தேன் என்று சொல்வதற்கு முன், வேலியோரத்து இந்தியத் தேனீப் பெட்டிகள். பல அறைகள் திறந்தும் பணித்தேனீப் புழுவில் குஞ்சு பொரித்த உண்ணி ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஆண் அறைகளில் இருந்தன. இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடியின் உச்சியில் ஊசி போகும் அளவு துளை ஒன்று இருக்கும், கூடு கெட்டியாக இருக்கும். சுற்றியுள்ளவை எல்லாம் பொரிந்து போன பிறகும் மூடியே கிடந்த சிலவற்றைத் திறந்தேன். உள்ளே ஆண் தேனீ செத்து உலர்ந்திருந்தது, அதன்மேல் நாலைந்து உண்ணிகளும் செத்துக் கிடந்தன. உண்ணி மொய்த்து வலுவிழந்த ஆணால் அந்தக் கெட்டி மூடியை உடைக்க முடியாது, பணித்தேனீக்களும் திறந்துவிடுவதில்லை. நோயோடு சேர்த்து அப்படியே கல்லறை. பணித்தேனீப் புழுவில் நுழைந்தாலோ, புழுவே சீக்கிரம் செத்துவிடும், தேனீக்கள் மோப்பம் பிடித்து உண்ணியோடு இழுத்து வெளியே எறிந்துவிடும். உண்ணியோடு வெகுகாலம் வாழ்ந்து பழகிய இனம் அது. 1904இல் ஜாவாவில் இந்த இனத் தேனீயின் மேல் கண்ட உண்ணிக்கு யாகோப்சோனி என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியத் தேனீயைக் கெடுப்பது வேறு இனம் என்று 2000இல் ஆன்டர்சனும் ட்ரூமனும் பிரித்து அதற்கு டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார்கள். இந்தியத் தேனீ வளர்ப்பவருக்கு எமனாக வந்தது உண்ணி அல்ல, 1990களின் தொடக்கத்தில் பரவிய தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். மார்த்தாண்டத்துக்காரர்களிடம் கேட்டால் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்த கதையைச் சொல்வார்கள்.

இனிச் செய்தது. பாதித்த பெட்டிகளில் ராணியைக் கூண்டில் அடைத்து இரண்டு புழு அடைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். பணித்தேனீ நுழைந்து தீனி கொடுக்க முடிகிற, ராணி வெளியே வர முடியாத கம்பி இடைவெளி உள்ள கூண்டு. பணித்தேனீப் புழு எல்லாம் பொரிய 21 நாள், ஆண் புழு பொரிய 24 நாள். அதனால் 24 நாளையே எல்லையாக வைத்தேன். தேன் வரத்து ஓய்ந்து, தேன் அறைகளை எடுத்துவிட்ட பிறகு இதைச் செய்வதுதான் நல்லது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு சட்டத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ராணி முட்டை வைக்காததைக் கண்டு தேனீக்கள் புது ராணி அறை கட்டத் தொடங்கியிருக்கும். அதைக் கிள்ளி எறிய வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.

கடைசி ஆண் தேனீயும் பொரிந்த பிறகு மாலையில் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு ஒரு லிட்டருக்கு 35 கிராம். தேனீ நிறைந்த ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி, பெட்டிக்கு 50 மில்லியைத் தாண்டக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம், அமிலம் அமிலம்தான். இன்னொரு முறை விட்டால் தேனீக்கே கேடு, அதனால் ஒரே தரம். ராணியை அன்றே திறந்துவிடலாம். புது முட்டை வளர்ந்து மூடப்பட எட்டு ஒன்பது நாள் ஆகும், அதுவரை உண்ணிக்கு ஒளிய இடம் கிடையாது.

அடிப்பலகையில் வலைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவிய வெள்ளை அட்டையை வைத்து விழுந்ததை எண்ணினேன். மறுநாள் காலையில் அட்டை பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது. எறும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்: பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்காத இடத்தில் எறும்பு விழுந்த உண்ணிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அட்டை சுத்தமாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடுவோம். கடைசிப் பெட்டியின் அட்டையில் வர்ரோவா மட்டும்தான் இருந்தது. ஓடும் உண்ணி மருந்து வருவதற்கு முன்பே பட்டினியால் தீர்ந்துவிட்டது.

ராணி மீண்டும் முட்டை வைத்து, புது அடை மூடி, கண் ஊதாவாகும்வரை காத்திருந்து மறுபடியும் திறந்தேன். பணித்தேனீ அறைகளில் தேடித்தான் ஒன்றிரண்டு தாய் உண்ணி அகப்பட்டது. முழுதும் ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தண்ணீர்த் தொட்டியில் மலைத்தேனீ இருக்கும்வரை ஓடும் உண்ணியும் திரும்ப வரும். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் பாதி உயரச் சட்டம் ஒன்றைப் புழு அறையில் போட்டிருக்கிறேன். அதன் கீழே தேனீக்கள் ஆண் அடை கட்டும். மூடிய பின், பொரிவதற்கு முன், மொத்தமாக வெட்டிக் கோழிகளுக்குப் போட்டுவிடலாம். வெட்டும் நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்துவிட்டேன். நாள் தப்பினால் அந்தச் சட்டமே உண்ணிப் பண்ணையாகிவிடும்.

அடுத்த ராணிகளை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதற்கும் ஒரு சோதனை ஓடுகிறது. மூடிய அடையில் ஒரு சதுரம் குறித்து, நூறு புழுவை மெல்லிய ஊசியால் மூடி வழியாகக் குத்தி, ஒரு நாள் கழித்து எத்தனை அறையைத் தேனீக்கள் சுத்தம் செய்திருக்கின்றன என்று பார்ப்பது. கடித்த துளைகள் நிறைந்திருந்த அந்த நடுப்பெட்டிதான் இதுவரை முதலிடம். சிறகு கசங்கிய தேனீக்களைப் பார்த்து முதலில் ராணியையே மாற்ற நினைத்த பெட்டி அது. இப்போது அதன் மகளைத்தான் வரிசை முழுதுக்கும் கொடுக்கப் போகிறேன்.